பழைய டீசல் காரின் ஐடில் நாப் உண்மையில் எதைத் திருகுகிறது?

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் ஐடில் பற்றிய பேச்சு வராமல் போகாது. பெடலை மிதிக்காமல் விட்டால் இஞ்சின் ஓடும் குறைந்த வேகத்தைத்தான் ஐடில் என்கிறோம். “காலையில் அந்தச் சோக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க” என்பார் ஒருவர். “வண்டி உதறினா நாப்பைக் கொஞ்சம் திருகி விடுங்க, சரியாகிடும்” என்பார் இன்னொருவர். “பம்ப்பில் இருக்கிற ஸ்குரூவைக் கால் சுற்று முறுக்கினா ஐடிலும் நிற்கும், பிக்கப்பும் கூடும்” என்பார் மூன்றாமவர். மூன்றுமே தவறான யோசனைகள். முதலாவது வெறும் பெயர்க் குழப்பம், பெரிய சேதமில்லை. இரண்டாவது பழுதை மூடி மறைக்கும். மூன்றாவது இஞ்சினுக்கே கேடு.

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அந்த நாப் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அது டீசலை அளப்பதில்லை. “இந்த வேகத்தில் நில்” என்று இஞ்சினுக்கு ஓர் இலக்கைச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த இலக்கைப் பிடிக்க எவ்வளவு டீசல் தேவை என்று முடிவெடுப்பது, இஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்புக்குள் இருக்கும் வேறோர் அமைப்பு. இதைப் புரிந்துகொண்டால் நாப்பை எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மெர்சிடிஸ் பென்ஸின் டபிள்யூ 123 வரிசை 1976-இல் வந்தது. 1980களின் நடுப்பகுதிவரை விற்ற அந்த வரிசையின் 240 டி, 300 டி கார்களில் டாஷ்போர்டில் இப்படி ஒரு சிறு நாப் இருக்கும். டொயோட்டாவின் பழைய டீசல் வேன்கள், லேண்ட் குரூசர்கள் பலவற்றிலும் உண்டு. இலங்கையில் இன்றும் ஓடும் பழைய ஹைஏஸ் வேன்களில் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் பழைய மஹிந்திரா ஜீப்புகளில் இதே வேலையைச் செய்வதற்கு ‘ஹேண்ட் ஆக்சிலேட்டர்’ என்று பெயர். காமன் ரெயில், அதாவது எல்லா சிலிண்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் புதிய முறை, வந்த பிறகு இந்த வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. ஆகவே உங்கள் கார் காமன் ரெயில் என்றால் இதில் சொல்லப்போகும் எதையும் அதில் செய்து பார்க்க வேண்டாம்.

முதலில், அது எந்த நாப்?

பழைய வண்டிகளின் டாஷ்போர்டில் ஒரே மாதிரி தோன்றும் மூன்று நாப்கள் இருக்கலாம்.

சோக் என்பது பெட்ரோல் வண்டிக்கு உரியது. கார்புரேட்டருக்குள் போகும் காற்றை அடைத்து, கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுவது அதன் வேலை. டீசல் காரில் கார்புரேட்டரே இல்லை, சோக்கும் இல்லை.

ஸ்டாப் நாப் என்பது பழைய டீசல் ஜீப், வேன் பலவற்றில் உண்டு. இழுத்தால் பம்ப்பில் டீசல் நின்று இஞ்சின் அணையும். சாவியைத் திருப்பினால் மட்டும் அந்த வண்டிகள் அணையாது, ஏனென்றால் டீசல் இஞ்சினில் துண்டிப்பதற்கு மின்பொறி எதுவும் கிடையாது.

மூன்றாவதுதான் நம்முடைய ஐடில் நாப். இதிலிருந்து ஒரு கேபிள் போய், பெரும்பாலான கார்களில், பம்ப்பின் ஆக்சிலேட்டர் லிவரைச் சற்றே இழுத்துப் பிடிக்கும். நீங்கள் பெடலில் கால் நுனியை வைத்திருப்பதற்கும் நாப்பைத் திருகி வைப்பதற்கும் பம்ப்பைப் பொறுத்தவரை வேறுபாடு இல்லை.

எந்தப் பக்கம் திருகினால் வேகம் கூடும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் திருகுவது, சிலவற்றில் இழுத்துத் திருப்பிப் பூட்டுவது. இஞ்சினை ஓடவிட்டு மெதுவாகத் திருகிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

இஸ்திரிப் பெட்டியும் இலக்கும்

வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டியில் ஒரு டயல் இருக்கிறது. பருத்தி என்று வைத்தால் சூடு அதிகம், பட்டு என்று வைத்தால் குறைவு. அந்த டயல் மின்சாரத்தை அளந்து விடுவதில்லை. எந்தச் சூட்டில் நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் தகடு சூட்டைப் பார்த்துப் பார்த்து மின்சாரத்தை விடும், நிறுத்தும். ஈரத்துணியைத் தேய்த்தால் தகடு சீக்கிரம் ஆறுகிறது, மின்சாரம் அதிக நேரம் ஓடுகிறது. டயலை நீங்கள் தொடவே இல்லை, ஆனாலும் செலவாகும் மின்சாரம் கூடிவிட்டது.

ஐடிலும் இப்படித்தான். நாப் அந்த டயல். தெர்மோஸ்டாட்டின் இடத்தில் இருப்பது கவர்னர். ஏசி போட்டாலும், ஹெட்லைட் எரிந்தாலும், குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலும், இலக்கு வேகத்தைக் காப்பாற்றத் தேவையான டீசலைக் கவர்னரே கூட்டிக் கொடுக்கும்.

டீசல் இஞ்சினுக்கு ஏன் காவல் வேண்டும்?

பெட்ரோல் இஞ்சினில் காற்று போகும் வழியில் த்ராட்டில் என்ற தகடு இருக்கிறது. ஐடிலில் அது கிட்டத்தட்ட மூடியே இருக்கும். அந்தச் சிறு இடுக்கு வழியே ஒரு நொடிக்கு இவ்வளவுதான் காற்று போக முடியும் என்ற அளவு உண்டு. இஞ்சின் தற்செயலாக வேகமெடுத்தால் ஒவ்வொரு அடிக்கும் கிடைக்கும் காற்றின் பங்கு குறைகிறது, பலமும் குறைகிறது, வேகம் தானாக இறங்குகிறது. அதனால் பெட்ரோல் இஞ்சின் ஓரளவு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

டீசலில் பெரும்பாலும் அந்தத் தகடு இல்லை. ஐடிலானாலும் முழு வேகமானாலும் சிலிண்டருக்குள் காற்று தாராளமாகப் போகிறது. பிஸ்டன் அந்தக் காற்றை இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறுகிறது, அந்தச் சூட்டில் நாசில் பீய்ச்சும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஆக, பலத்தைத் தீர்மானிப்பது பீய்ச்சும் டீசலின் அளவு மட்டுமே.

அந்த அளவு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். நான்கு சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடினால், நொடிக்கு 25 முறை டீசல் பீய்ச்சப்படுகிறது. ஐடிலில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ அரை லிட்டர் செலவாகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு முறை பீய்ச்சுவது ஒரு துளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் வரும். இந்தத் துணுக்கில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வேகத்தில் தெரிந்துவிடும்.

இப்போது இந்த அளவை ஓரிடத்தில் அசையாமல் பூட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். வேகம் கொஞ்சம் ஏறினால் அதை இறக்க டீசலில் எதுவும் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அதே டீசல் விழுகிறது. சொல்லப்போனால், வேகம் கூடும்போது பம்ப்புக்குள் கசிவதற்கு நேரம் குறைவதால் சற்று அதிகமாகவே விழும். வேகம் இறங்கினாலோ தூக்கிவிடவும் ஆளில்லை. இறங்கி இறங்கி அணைந்துபோகும். டீசல் இஞ்சின் ஒரு வேகத்தில் தானாக நிற்காது என்று சொல்வது இதனால்தான். யாராவது கூடவே இருந்து காவல் காக்க வேண்டும்.

அந்தக் காவல்காரர்: கவர்னர்

கவர்னர் என்பது இஞ்சின் வேகத்தைப் பார்த்து டீசல் அளவைத் தானாக மாற்றும் அமைப்பு. கருத்து மிகப் பழையது. 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தில் சுழலும் இரண்டு குண்டுகளை வைத்துச் செய்ததும் இதே தத்துவம்தான். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கார்களில் அது ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம்.

பம்ப்பின் தண்டு இஞ்சினின் பாதி வேகத்தில் சுழல்கிறது. அந்தத் தண்டோடு சேர்ந்து சிறு எடைகள் சுழல்கின்றன. வேகம் கூடினால் எடைகள் வெளிப்பக்கம் விரியும். அப்படி விரியும்போது பம்ப்புக்குள் இருக்கும் டீசல் அளவுக் கம்பியைக் குறைக்கும் பக்கம் தள்ளும். மெக்கானிக்குகள் அந்தக் கம்பியை ரேக் என்பார்கள். ரோட்டரி பம்ப்பில் ரேக்குக்குப் பதில் வேறு உறுப்பு இருக்கும், வேலை அதேதான்.

எடைகளை எதிர்த்து ஒரு ஸ்பிரிங் நிற்கிறது. அது ரேக்கைக் கூட்டும் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். எடையும் ஸ்பிரிங்கும் சமமாகும் இடத்தில் வேகம் நிற்கிறது. ஏசி போட்டதும் இஞ்சின் சற்று திணறி வேகம் குறைகிறது, எடைகள் சுருங்குகின்றன, ஸ்பிரிங் ஜெயிக்கிறது, டீசல் கூடுகிறது.

இதில் ஒரு சிறு விஷயம் கவனிக்க வேண்டும். டீசலைக் கூட்டுவதற்குக் கவர்னருக்கு முதலில் வேகம் கொஞ்சம் குறைந்தாக வேண்டும், குறைந்தால்தான் அதற்குச் செய்தியே போகும். அதனால் ஏசி போட்டதும் ஐடில் சற்றுத் தணிந்து அங்கேயே நிலைப்பது பழுதில்லை, இந்த அமைப்பின் இயல்பு. தணிந்து, அணையப்போவது போல் இழுத்தால்தான் கவனிக்க வேண்டும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்ப்போம். டீசல் இஞ்சினில் காற்று தாராளம், பலத்தை முடிவு செய்வது டீசல் மட்டும். அந்த அளவைப் பூட்டி வைத்தால் வேகம் நிலைக்காது. அதனால் கவர்னர் நொடிக்கு நொடி அளவை மாற்றிக்கொண்டே இருக்கிறது. எந்த வேகத்தைக் காக்க வேண்டும் என்று கவர்னருக்குச் சொல்வது ஸ்பிரிங்.

நாப்பைத் திருகினால் நடப்பது

நாப்பைத் திருகும்போது கேபிள் லிவரை இழுக்கிறது. லிவர் அந்த ஸ்பிரிங்கின் பக்கம் கூடுதல் பலம் சேர்க்கிறது. இப்போது எடைகள் ஸ்பிரிங்கைச் சமாளிக்க இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். ஆகவே சமநிலை சற்றுக் கூடுதல் வேகத்தில் போய் நிற்கிறது. பம்ப்புக்குப் பம்ப் உள்ளே லிவர் கோக்கப்பட்டிருக்கும் விதம் மாறினாலும் ஐடில் எல்லைக்குள் விளைவு இதுதான்.

ஐடில் எல்லைக்குள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிராக்டரிலும் ஜெனரேட்டரிலும் இருப்பது முழு வேகக் கவர்னர், அதாவது எந்த வேகத்தில் வைத்தாலும் அந்த வேகத்தைக் காப்பது. கார்களில் பல இரு முனைக் கவர்னரோடு வருகின்றன. அது ஐடிலையும் உச்ச வேகத்தையும் மட்டும் காக்கும், நடுவில் இருப்பதை டிரைவரின் காலிடம் விட்டுவிடும். டபிள்யூ 123-இன் டீசல்களிலும் பிற்காலத்தில் வந்தது இந்த வகைதான்.

இதன் பொருள் என்ன? நாப்பை ஐடில் எல்லையைத் தாண்டித் திருகிவிட்டால் அங்கே காவலுக்கு யாரும் இல்லை. குளிரில் நீங்கள் திருகி வைத்த இடத்தில் 1200 சுற்று ஓடிய இஞ்சின், சூடேறி ஆயில் இளகியதும் தானாக ஏறிக்கொண்டே போகலாம். நாப்பைக் கொஞ்சமாகத் திருகச் சொல்வது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை.

நெடுஞ்சாலையில் காலுக்கு ஓய்வு கொடுக்க இதைக் குரூஸ் கண்ட்ரோல் போலப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிரேக்கை மிதித்தால் இது விடுபடாது. நீங்கள் வண்டியை நிறுத்தப் பார்ப்பீர்கள், இஞ்சின் தள்ளிக்கொண்டிருக்கும்.

பிறகு நாப் எதற்கு?

குளிர்ந்த இஞ்சினுக்கு. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கெட்டியாக இருக்கும், சிலிண்டர் சுவர்கள் சில்லென்று இருக்கும். நெருக்கிய காற்றின் சூட்டை அந்தச் சுவர்கள் உறிஞ்சிவிடுவதால் சில அடிகளில் டீசல் சரியாகப் பற்றாது. பற்றாத டீசல் கண்ணை உறுத்தும் வெள்ளைப் புகையாக வெளியே வரும். வேகம் சற்றுக் கூடுதலாக இருந்தால், நெருக்கிய காற்று சூட்டை இழக்க அவகாசம் குறைவு, எரிவது ஒழுங்காகிறது.

முறை எளிது. சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் விளக்கு அணையும்வரை பொறுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். உதறல் அடங்கும் அளவுக்கு மட்டும் நாப்பைத் திருகுங்கள். 900 முதல் 1000 சுற்று போதும், அதற்கு மேல் தேவைப்படாது. நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடவிடுவதைவிட, ஓரிரு நிமிடத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டு கிளம்புவது நல்லது, இஞ்சின் சீக்கிரம் சூடேறும். கிளம்பும் முன்பே நாப்பைக் குறைத்துவிடுங்கள், சூடேறியதும் அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் இது இன்னும் முக்கியம். ஐடில் கூடியிருக்கும்போது கியரில் போட்டால் வண்டி முன்னால் துள்ளும்.

சென்னை வெயிலில் இந்த நாப்புக்குப் பெரும்பாலும் வேலையே இருக்காது. ஊட்டியிலோ நுவரெலியாவிலோ மார்கழிக் காலையில்தான் அதன் அருமை தெரியும். சமவெளியில், நல்ல வெயில் நாளிலும், நாப்பைத் திருகாமல் உங்கள் வண்டி ஐடிலில் நிற்க மறுத்து அணைந்துபோகிறது என்றால் பழுது வேறெங்கோ இருக்கிறது.

ஸ்பேனரை எடுக்கும் முன்

நாப் தற்காலிகமானது. சூடான இஞ்சினின் அடிப்படை ஐடிலை நிர்ணயிப்பது பம்ப்பின் லிவர் வந்து முட்டும் ஐடில் ஸ்குரூ. அதைச் சரிசெய்யும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: இஞ்சின் தறிகெட்டு ஏறினால் எப்படி நிறுத்துவது?

பம்ப்பின் மேலோ பக்கத்திலோ ஸ்டாப் லிவர் இருக்கும். டபிள்யூ 123-இல் பானெட்டைத் திறந்தாலே சிவப்பாகத் தெரியும், மேலே ஸ்டாப் என்று எழுதியிருக்கும். மற்ற வண்டிகளில் ஸ்டாப் கேபிள் போய்ச் சேரும் லிவர் அது. வேலை தொடங்கும் முன் ஒருமுறை அழுத்தி இஞ்சின் அணைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் காற்று போகும் வாயைத் தட்டையான பலகையால் அடைக்க வேண்டும், கையால் கூடாது. மேனுவல் கியர் வண்டி என்றால், டிரைவர் சீட்டில் ஒருவர் இருக்கும்பட்சத்தில், பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு டாப் கியரில் கிளட்சை விட்டு அணைக்கலாம்.

அப்புறம், வேகத்தை அளக்க வழி வேண்டும். பழைய டீசல்கள் பலவற்றில் ஆர்பிஎம் மீட்டர், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் மீட்டர், இருக்காது. பெட்ரோல் வண்டிக்கான மீட்டரை மாட்டினால் வேலை செய்யாது, அது ஸ்பார்க்கை எண்ணும் கருவி. ஒளியால் அளக்கும் கையடக்க டேக்கோமீட்டர் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இஞ்சின் நின்றிருக்கும்போது இஞ்சினோடு சுழலும் கிராங்க் புல்லியில் பளபளக்கும் ஒட்டுத்துண்டு ஒன்றை ஒட்டி, ஓடும்போது எட்ட நின்று ஒளியைக் காட்டினால் எண் வரும். காதை வைத்து நிதானிப்பது அனுபவமுள்ள மெக்கானிக்குக்குச் சரி, புதியவர்கள் நம்ப வேண்டாம்.

அடிப்படை ஐடிலை வைப்பது

இஞ்சின் முழுதாகச் சூடாக வேண்டும். வெப்பமானியின் முள் நடுவில் வந்தால் தண்ணீர் சூடாகிவிட்டது என்றுதான் பொருள், ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஏசி, விளக்கு எல்லாம் அணைந்திருக்கட்டும். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முட்டு.

இப்போது நாப்பை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் பானெட்டுக்குள் பாருங்கள். பெரும்பாலானோர் தவறவிடும் இடம் இதுதான். நாப்பின் கேபிள் லிவரில் சேரும் இடத்தில் சிறிதளவு தளர்ச்சி இருக்க வேண்டும், லிவர் ஐடில் ஸ்குரூவைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கேபிள் விறைப்பாக இருந்தால் லிவர் ஸ்குரூவைத் தொடாமல் கேபிளில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ஸ்குரூவை எத்தனை சுற்றுத் திருகினாலும் மாற்றம் வராது. ‘ஸ்குரூ வேலை செய்யவில்லை, பம்ப் போய்விட்டது’ என்று பம்ப்பைக் கழற்றியவர்கள் உண்டு, கேபிளின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் தீர்ந்திருக்கும்.

அதேபோல் ஆக்சிலேட்டர் கம்பிகளின் மூட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தால் லிவர் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் வந்து நிற்கும். சுத்தம் செய்து எண்ணெய் விட்டு, ரிட்டர்ன் ஸ்பிரிங் சரியாக இழுக்கிறதா என்று பாருங்கள். கால் மிதியடி பெடலில் சிக்கியிருப்பதுகூட ஐடில் பழுது போலத் தோன்றும்.

இவ்வளவும் சரி என்றால் வேகத்தை அளக்கலாம். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் முடிவு. அந்தக் காலத்து டீசல் கார்களுக்குப் பொதுவாக அது 700-க்கும் 800-க்கும் இடையில் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, ஐடில் ஸ்குரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகுங்கள். ஆக்சிலேட்டரை ஒருமுறை லேசாக அழுத்தி விட்டுவிட்டு, வேகம் இறங்கி நிலைத்த பிறகு அளவெடுங்கள். சரியான எண் வந்ததும் ஸ்குரூவைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது ஸ்குரூ சற்று நகர்ந்துவிடும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடியும் அளக்க வேண்டும்.

கடைசியாக நாப்பை அதன் உச்சம்வரை மெதுவாகத் திருகிப் பாருங்கள். வேகம் ஆயிரத்தை ஒட்டி நின்றால் நல்லது. அதைத் தாண்டித் தானாக ஏற முயன்றால் கேபிளின் நீளத்தைக் குறைவாக இழுக்கும்படி மாற்றி வையுங்கள்.

சுருக்கமாக இந்த வேலையின் வரிசை: சூடு, கேபிளில் தளர்ச்சி, ஸ்குரூவில் லிவர், அளவு, லாக் நட், மறுபடி அளவு. இந்த வரிசையில் எதைத் தாண்டினாலும் அடுத்து வருவது பொய்யான கணக்கு.

சீல் வைத்த ஸ்குரூக்கள்

பம்ப்பில் ஐடில் ஸ்குரூவைத் தவிர வேறு ஸ்குரூக்களும் உண்டு. லிவரின் மறுபக்கம் முட்டும் ஸ்குரூ உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்துவது. இன்னொன்று முழுச் சுமை ஸ்குரூ, அதாவது பெடலை முழுதாக மிதிக்கும்போது அதிகபட்சம் எவ்வளவு டீசல் விழலாம் என்று எல்லை போடுவது. இவற்றைக் கம்பி கட்டியோ ஈயம் வைத்தோ சீல் செய்திருப்பார்கள். “பிக்கப் கூடும்” என்று திருகச் சொல்வது பெரும்பாலும் அந்த முழுச் சுமை ஸ்குரூவைத்தான். திருகினால் ஐடிலும் கொஞ்சம் நகரும், அதனால் ஐடில் ஸ்குரூ என்று ஏமாந்துவிடுவது எளிது. கூடவே கரும்புகையும் சூடும் வரும், நாளடைவில் பிஸ்டன் வரை பாதிக்கும். லிவர் முட்டும் ஸ்குரூ எது என்று கண்ணால் பார்த்து உறுதியாகாதவரை எதையும் திருகாதீர்கள். சீல் இருந்தால் அது உங்கள் ஸ்குரூ இல்லை.

மிகக் குறைத்து வைத்தால்?

‘டுக், டுக்’ என்று மெதுவாக ஓடினால் டீசல் மிச்சம் என்று ஐடிலை 600-க்குக் கீழே இறக்குகிறார்கள். கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் அந்த வேகத்தைச் சார்ந்து வேறு உறுப்புகள் ஓடுகின்றன. ஆயில் பம்ப்பின் அழுத்தம் இறங்கும். பேட்டரி சரியாகச் சார்ஜ் ஆகாது. அதைவிட முக்கியம் பிரேக். பெட்ரோல் காரில், மிதிப்பதை எளிதாக்கும் பிரேக் பூஸ்டருக்கான வேக்யூம் இஞ்சினின் உறிஞ்சலிலிருந்தே கிடைத்துவிடும். த்ராட்டில் தகடு இல்லாத டீசலில் அந்த உறிஞ்சல் இல்லை, தனியாக ஒரு வேக்யூம் பம்ப் வேண்டும். இந்திய டீசல் வண்டிகள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்திலேயே இருக்கும். ஐடில் மிகக் குறைந்தால் அது மெதுவாகச் சுழலும், நெரிசலில் அடுத்தடுத்துப் பிரேக் மிதிக்கும்போது பெடல் கட்டையாகிவிடும்.

ஐடில் சரி, ஆனாலும் உதறுகிறது

இஸ்திரிப் பெட்டியின் காயில் பழுதாகியிருந்தால் டயலைக் கூட்டி வைத்துப் பயனில்லை. எண்படி ஐடில் சரியாக இருந்தும் வண்டி உதறினால் நாப்பை விட்டுவிட்டு, உதறும் விதத்தைக் கவனியுங்கள்.

வேகம் அலை போல ஏறி இறங்குகிறதா? பெரும்பாலும் டீசல் லைனில் காற்று புகுகிறது. பில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸை ஒளி ஊடுருவும் ஹோஸாகத் தற்காலிகமாக மாற்றிப் பார்த்தால் குமிழிகள் ஓடுவது தெரியும். கைப்பம்ப்பின் வாஷர், பழைய ரப்பர் ஹோஸ், பில்டர் மூடி ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள்.

ஒரே தாளத்தில், சுற்றுக்குச் சுற்று அதே இடத்தில் இடறுகிறதா? ஒரு சிலிண்டர் மற்றவற்றோடு சேர்ந்து உழைக்கவில்லை. நாசில், டாப்பெட் செட்டிங் (வால்வுகளின் இடைவெளி), கம்ப்ரஷன் (சிலிண்டர் காற்றை நெருக்கும் அளவு) என்ற வரிசையில் தேட வேண்டும். டபிள்யூ 123-இன் டீசல்களுக்கு ஏறத்தாழ 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டாப்பெட் இடைவெளி பார்க்க வேண்டும். பலர் அதைப் பல வருடங்கள் தொடுவதே இல்லை.

நாப்பைச் சற்றே திருகினால் நடுக்கம் சட்டென்று மறைந்துவிடுகிறதா? அப்படியென்றால் இஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கைப் பாருங்கள். ரப்பர் தேய்ந்த மவுண்டிங் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இஞ்சினின் இயல்பான அதிர்வைப் பெருக்கிக் காட்டும். அந்த வேகத்தைத் தாண்டினால் நடுக்கம் தெரியாது. நாப்பைத் திருகி வைத்தே வருடக்கணக்கில் ஓட்டுபவர்களின் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இவற்றில் நாசில் பக்கம் போகும் வேலைகளை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். இந்த இஞ்சின்களில் நாசில் திறக்கும் அழுத்தமே நூறு பாருக்கு மேல், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேல். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பம்ப் கடைக்குக் கொண்டுபோவது என்று முடிவானால் “ஐடில் சரியில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் ஸ்குரூவைத் திருகிக் கொடுத்துவிடுவார்கள், அதில் அவர்கள் குற்றமும் இல்லை. நாப் அடிமட்டத்தில் இருக்கும்போது சூடான இஞ்சின் எத்தனை சுற்று ஓடுகிறது, உதறல் அலை போலவா தாளமாகவா, குளிரில் மட்டுமா எப்போதுமா, புகை என்ன நிறம் என்று இவ்வளவையும் சொல்லுங்கள். முதல் நாள் மாலையே வண்டியை அங்கே விட்டுவிட்டு, காலையில் குளிர்ந்த இஞ்சினை அவர்களே ஸ்டார்ட் செய்து பார்க்கும்படி கேளுங்கள். சூடான வண்டியை மட்டும் பார்ப்பவருக்குப் பாதிப் பழுதுகள் கண்ணில் படாது.